பள்ளத்தாக்குக்குப் பணம் போட்டவர்கள்

குமுளிக்குப் போகும் பஸ் லோயர்கேம்ப்பைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ராட்சதக் குழாய்கள் கண்ணில் படும். தேக்கடித் தலைமதகில் நுழைந்து சுரங்கம் வழியாக வரும் முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர், போர்பே அணையில் தேங்கி, அந்த நாலு குழாய்களுக்குள் ஆயிரம் அடிக்கும் மேல் இறங்கி, அடிவாரத்துப் பவர்ஹவுஸில் சக்கரங்களைச் சுழற்றுகிறது. எங்கள் பக்கத்தில் தண்ணீர்க் கணக்கும் கரண்டுக் கணக்கும் ஒன்றாகத்தான் பேச்சில் வரும். டீக்கடைப் பேப்பரில் '400 கனஅடி திறப்பு' என்று போட்டிருந்தால், ஒரு மெஷின் ஓடுகிறது, 36 மெகாவாட் வரும் என்று கூடலூர்ப் பெரியவர்கள் எழுத்துக் கூட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள்.

என் அய்யா அந்தக் குழாய்களைத் தாங்கும் பீடங்களுக்குக் கல் சுமந்தவர். வேலை முடிந்ததும் பவர்ஹவுஸிலேயே ஹெல்பராகச் சேர்ந்தார். நான் பிறந்ததும் படித்ததும் லோயர்கேம்ப் குவார்ட்டர்ஸில். பிறகு ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு நூல் மில்லில் கணக்கு எழுதப் போனேன். என் மேஜைக்கு வந்த பெரிய கணக்குகளில் ஒன்று மில்லின் காத்தாடிக் கணக்கு. தண்ணீரிலிருந்து கரண்டு எடுத்தவரின் மகன் காற்றிலிருந்து எடுத்த கரண்டுக்கு ரிஜிஸ்டர் போட்டேன். அதனால்தான் எங்கள் பள்ளத்தாக்கின் கதையைப் பிறர் சொல்லும்போது எனக்கு ஒரு குறை தெரிகிறது. கட்டியவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். பணம் யாருடையது, அவர் என்ன எதிர்பார்த்துப் போட்டார் என்று யாரும் கேட்பதில்லை.

இரண்டு வருடங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுரங்கத்தில் தண்ணீர் பாயத் தொடங்கியது 1895. பவர்ஹவுஸ் ஓடத் தொடங்கியது 1958. நடுவில் 63 வருடம் அதே தண்ணீர் அதே உயரத்திலிருந்து வைரவன் ஆற்றுப் பள்ளத்தில் விழுந்து, சுருளியாற்றோடும் வைகையோடும் கலந்து போய்க்கொண்டே இருந்தது. உயரத்திலிருந்து விழும் தண்ணீருக்கு விசை உண்டு என்பது அந்தக் காலத்துப் பொறியாளர்களுக்குத் தெரியாத சங்கதி இல்லை.

இங்கிலாந்தில் அப்போது அதில் பணம் போடும் ஆட்கள் இருந்தார்கள். பீரங்கி செய்து பணம் சேர்த்த வில்லியம் ஆம்ஸ்ட்ராங் 1863இலேயே நியூகாசிலில் பேசும்போது, பிரிட்டனின் நிலக்கரி என்றைக்கும் இருக்காது என்று எச்சரித்தார். 1878இல் கிராக்சைடில் இருந்த தன் மாளிகையில் ஓடைத் தண்ணீரை வைத்தே மின்விளக்கு ஏற்றிக் காட்டினார். 1881இல் காடல்மிங் என்ற சிறு ஊரில் வே நதியின் நீர்ச்சக்கரம் தெருவிளக்குக்குக் கரண்டு கொடுத்தது. 1887 ஜூலையில் ஸ்காட்லாந்தின் மேரிகெர்க்கில் ஜேம்ஸ் பிளைத் என்ற பேராசிரியர் தோட்டத்தில் காத்தாடி நிறுத்தி வீட்டுக்கு விளக்குப் போட்டார். மிச்சக் கரண்டை ஊர்த் தெருவுக்குத் தருகிறேன் என்றதற்கு, அது சாத்தானின் வேலை என்று ஊரார் மறுத்துவிட்டார்களாம். அதே 1887இல்தான் பெரியாற்றில் அணை வேலை தொடங்கியது.

தமிழ்நாட்டிலும் ஒரு பிரிட்டிஷ் கம்பெனி ஆற்றின் விசையில் பணம் போட்டது. அது நடந்தது தேனியில் இல்லை, பாபநாசத்தில். ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்ற ஸ்காட்லாந்துச் சகோதரர்கள் 1885இல் திருநெல்வேலி மில்லை விக்கிரமசிங்கபுரத்தில் நிறுவினார்கள். பருத்தி விளையும் கரிசல் ஒரு பக்கம், துறைமுகம் ஒரு பக்கம் இருக்க, மலையடிவாரத்துக்குப் போய் மில் கட்டியதற்குக் காரணம் தாமிரபரணி. அருவித் தண்ணீரைக் கால்வாயில் திருப்பி, டர்பைனைச் சுற்றவிட்டு, கதிர்களை ஓட்டினார்கள். கரி வாங்க வேண்டாம், கப்பலுக்குக் காத்திருக்க வேண்டாம். அதற்குப் பிறகு தூத்துக்குடியிலும், 1892இல் மதுரையிலும் அவர்கள் தொடங்கிய மில்கள் நீராவியில் ஓடின. ஆறு இருந்த இடத்தில் ஆறு, இல்லாத இடத்தில் கொதிகலன். நூல் மில்காரன் முதலில் பார்ப்பது விசைக்கான செலவைத்தான் என்பதை மில் கணக்கு எழுதியவன் என்ற முறையில் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். கூலியைக் காட்டிலும் கரண்டு பில்லைப் பார்த்துத்தான் எங்கள் முதலாளி மூச்சை இழுத்து விடுவார்.

மதுரை ஹார்வி மில்லுக்கும் பெரியாற்று அருவிக்கும் இடையே எண்பது மைல் தூரம்கூட முழுதாக இருக்காது. ஆனால் 1895இல் அந்தத் தூரத்துக்குக் கரண்டைக் கொண்டுபோக வழியில்லை. நயாகராவின் கரண்டு பக்கத்து ஊரான பஃபலோவுக்குப் போனதே 1896 நவம்பரில்தான். நம் பக்கத்தில் அந்தத் தடையை உடைத்தது மைசூர். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து 92 மைல் தூரத்துக் கோலார் தங்கவயலுக்குக் கம்பி இழுத்தார்கள். அங்கே வாங்குவதற்கு ஆள் தயாராக இருந்தது. ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் நிறுவனத்தின் நிர்வாகத்தில் இருந்த சுரங்கங்கள், எத்தனை யூனிட் வந்தாலும் விழுங்கும் நிலையில் இருந்தன. பணம் போட்டது மைசூர் அரசு, கரண்டை வாங்கியது பிரிட்டிஷ் சுரங்கக் கம்பெனி. எங்கள் பள்ளத்தாக்கில் தங்கமும் இல்லை, அப்படி ஒரு மில்லும் இல்லை. இருந்ததெல்லாம் நெல்லும் சோளமும்.

ஆக, பெரியாற்றில் பணம் போட்டது யார்? இந்த இடத்தில் நான் சொல்வது சிலருக்குப் பிடிக்காது. ஜான் பென்னிகுயிக் இங்கிலாந்தில் இருந்த சொத்தையெல்லாம் விற்று அணையைக் கட்டினார் என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாலோடு சேர்த்து ஊட்டுகிறார்கள். அணைக்கான செலவு மதராஸ் அரசின் பொதுப்பணிக் கணக்கிலிருந்து வந்தது. அணை, சுரங்கம், கால்வாய் எல்லாம் சேர்ந்து அந்தக் காலத்துப் பணத்தில் ஒரு கோடி ரூபாயை ஒட்டிய செலவு. ஒரு ராணுவப் பொறியாளர் சொத்தை விற்றுச் சமாளிக்கக்கூடிய தொகை இல்லை அது. அந்தப் பணத்தை அரசு தர்மமாகவும் போடவில்லை. பாசனம் பெறும் நிலத்தின் தீர்வையிலிருந்து போட்ட முதலுக்கு வரவு வர வேண்டும் என்ற கணக்கோடு போட்டது.

1876 முதல் 1878 வரை நடந்த தாது வருடப் பஞ்சத்தில் மதுரைச் சீமை காலியானது. வரி கட்ட ஆள் இல்லை. மேற்கே மலைக்கு அந்தப் பக்கம் பெரியாறு பெருகிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைக் கிழக்கே திருப்பும் யோசனை அதற்கும் பழையது. சேதுபதி சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆளனுப்பிப் பார்த்தார். 1808இல் கேப்டன் கால்டுவெல் அளந்து பார்த்து, வீண் கனவு என்று எழுதிவிட்டுப் போனார். பஞ்சம் முடிந்த பிறகுதான் கனவுக்குக் கணக்கு பொருந்தி வந்தது. செத்தவர்களின் எண்ணிக்கை சர்க்காரின் கையை அசைத்தது என்று சொல்வேன். அந்த உயிர்களையும் முதலீட்டில் சேர்க்காமல் பெரியாற்றுக் கதையைச் சொல்ல எனக்கு மனம் வராது. கட்டும்போது காட்டில் மலேரியாவுக்கும் காலராவுக்கும் வெள்ளத்துக்கும் பலியான கூலியாட்களையும் சேர்த்துத்தான்.

பென்னிகுயிக்கின் பெருமை இதனால் ஒரு குண்டுமணி குறையாது. பொங்கலன்று பாலார்பட்டியில் அவர் படத்துக்கு முன்னால் பானை வைக்கிறார்கள். அவர் பிறந்தது 1841 ஜனவரி 15. பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். தேனிப் பஸ் நிலையம் அவர் பெயரில், லோயர்கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம். எல்லாம் தகும். வெள்ளத்தில் அடித்துப்போன வேலையைத் திரும்பத் திரும்ப எழுப்பி, சுண்ணாம்பும் சுர்க்கியும் வைத்து 155 அடி அணையை நிறுத்திய மனிதரின் பிடிவாதத்துக்குக் கும்பிடத்தான் வேண்டும். ஆனால் அவரைத் தனி முதலாளியாக்கும்போது, திட்டத்துக்கு ஒப்புதல் தந்த சர்க்காரும், பிறகு தலைமுறை தலைமுறையாகத் தண்ணீர்த் தீர்வை கட்டி அந்த முதலைத் திருப்பிக் கொடுத்த நம் பாட்டன்மாரும் கதையிலிருந்து மறைந்துவிடுகிறார்கள். அவர்கள் கட்டிய பணமும் அந்த அணையில் இருக்கிறது.

பாசனத்துக்கென்று போட்ட பணம் என்பதால் பத்திரமும் பாசனத்தோடு நின்றது. 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் இந்தியாவுக்கான அமைச்சருக்கும் இடையே எழுதப்பட்ட குத்தகை 999 வருடத்துக்கு. நீர்ப்பிடிப்புக்கு 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய், வருடத்துக்கு 40,000 ரூபாய். மின்சாரத்தைப் பற்றிப் பத்திரத்தில் பேச்சில்லை. மின்சாரம் விளக்கு ஏற்றுவதைப் பெரிதாகத் தாண்டாத காலம் அது.

1932இல் மதராஸ் அரசு நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையத்தை ஓட்டிக் காட்டிய பிறகு பெரியாற்றின் மேல் கண் விழுந்தது. திருவிதாங்கூர் ஒத்துக்கொள்ளவில்லை. திவான் சி.பி. ராமசாமி ஐயர் தன் சமஸ்தானத்துக்காக வாதாடினார்: குத்தகைக்கு விட்டது நாற்று நடுவதற்கு, கரண்டு விற்பதற்கு இல்லை. இரு தரப்பு நடுவர்களும் ஒத்துப்போகாததால் வழக்கு நளினி ரஞ்சன் சாட்டர்ஜியிடம் போனது. 1941 மே மாதம் அவர் தீர்ப்பு திருவிதாங்கூர் பக்கம். பாசனம் தவிர வேறு எதற்கும் மதராஸுக்கு உரிமை இல்லை.

எங்கள் ஊரில் இதைச் சொன்னால் கோபப்படுவார்கள். எனக்கு அந்த வாதத்தில் நியாயம் தெரிகிறது. தண்ணீர் அவர்களுடையது, மலை அவர்களுடையது. அவர்களும் அப்போது பள்ளிவாசலில் தங்கள் முதல் நீர்மின் நிலையத்தைக் கட்டி 1940இல் ஓட்டியிருந்தார்கள். விழும் தண்ணீரின் விலை அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. பிற்பாடு 1976இல் அதே பெரியாற்றில் இடுக்கி நீர்மின் நிலையம் வந்தபோது கணக்கு இன்னும் துலக்கமாயிற்று: லோயர்கேம்ப்பில் சக்கரத்தைச் சுற்றிய தண்ணீர் இடுக்கிக்குப் போகாது.

சுதந்திரத்துக்குப் பிறகு 1950களில் இரு அரசுகளும் பேசி முடித்தன. மதராஸ் வேலையைத் தொடங்கியது. அய்யா கல் சுமந்தது அந்த வேலையில். காமராஜர் முதலமைச்சராக இருந்த காலம். 1958லும் 1959லுமாக மூன்று மெஷின்கள், 1965இல் நாலாவது. ஒவ்வொன்றும் 35 மெகாவாட், ஆக மொத்தம் 140. பிற்பாடு புதுப்பித்து 168 ஆக்கினார்கள். பத்திரம் முறைப்படி திருந்தியது 1970 மே 29இல்தான். கேரளத்தில் அச்சுத மேனன் ஆட்சி. நிலக்குத்தகை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆனது. கரண்டுக்கு, ஒரு கிலோவாட் வருடம் முழுக்க ஓடினால் வரும் 8,760 யூனிட்டுக்கு 12 ரூபாய். கணக்கன் புத்தியில் வகுத்துப் பார்த்தால் ஒரு ரூபாய்க்கு 730 யூனிட். கேரளத்துக்காரர்கள் இன்றைக்கும் அந்தப் பத்திரத்தை நினைத்துப் பொருமுவதற்கு அணையின் வயது மட்டும் காரணம் இல்லை.

அய்யா பவர்ஹவுஸைப் பற்றிப் பேசும்போது 'நம்ம மெஷினு' என்பார். யாருடைய பணம் என்று அவரிடம் கேட்டிருக்கிறேன். "சர்க்காருதுடா. அப்ப நம்மளதுதானே?" என்றார். குவார்ட்டர்ஸில் ஒரு பல்பு மினுங்கினாலும் டியூட்டியில் யார் என்று கேட்பார். சுரங்கத்தில் தண்ணீர் குறைந்த கோடையில், மெஷின் நின்றிருக்கும் நாட்களில், வீட்டில் அவர் சரியாகச் சாப்பிடமாட்டார்.

காற்றின் கதை வேறு மாதிரி வந்தது, வேகமாகவும் வந்தது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் இடைவெளி கிடைத்த இடங்களில் பீறிட்டு நுழைகிறது: ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, எங்கள் கம்பம் கணவாய். வைகாசியில் கிளம்பி ஆடியில் உச்சத்துக்கு வரும். கண்டமனூர், ஆண்டிபட்டி மானாவாரிக் காடுகளில் அந்த மாதங்களில் ஓடு பறக்கும், முருங்கை முறியும். அதைச் சபித்துக்கொண்டே பிழைத்தோம். தமிழ்நாட்டில் அரசு முதன்முதலாகக் காத்தாடிகளை நிறுத்திப் பார்த்தது 1986இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில். ஆரல்வாய்மொழிப் பக்கத்து முப்பந்தல் காத்தாடிகளால் நிறைந்த பிறகு, 2000க்குப் பின், ஏஜெண்டுகள் எங்கள் பக்கம் வந்தார்கள்.

பணம் போட்டவர்களில் பெரும்பாலோர் நூல் மில்காரர்கள். 1885இல் ஹார்வி சகோதரர்களைத் தாமிரபரணிக் கரைக்கு அழைத்துப்போன அதே கணக்குதான் கோயம்புத்தூர், ராஜபாளையம் மில்களை எங்கள் சோளக்காட்டுக்கு அழைத்துவந்தது. கூடவே வருமான வரிச் சலுகையும். 90களில் காத்தாடியின் முழு விலையையும் முதல் வருடமே தேய்மானமாகக் கழிக்க முடிந்தது, பிறகு அது 80 சதவீதமானது. வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாக ஓடிய மெஷினுக்குப் பாதித் தேய்மானம்தான். அதனால் செப்டம்பர் மாதக் கடைசிக்குள் இறக்கை சுற்றியாக வேண்டும் என்று ஒரு ஓட்டம் நடக்கும். டிரெய்லர் லாரிகள் வளைவில் திரும்ப இடமில்லாமல் வேலியைப் பிரித்து, புளியமரக் கிளையை வெட்டி, ராத்திரியோடு ராத்திரியாக இறக்கையை ஏற்றுவார்கள். மெஷின் முதல் நாள் எவ்வளவு கரண்டு கொடுத்தது என்பதைவிட என்ன தேதியில் கொடுத்தது என்பதைத்தான் ஆடிட்டர் கேட்பார்.

அதற்குப் பிறகு 'பேங்கிங்'. ஆடியில் மில் ஓட்டியது போக மிஞ்சும் யூனிட்டை ஈபியிடம் வரவு வைத்து, காற்று ஓய்ந்த மாசியில் எடுத்துக்கொள்ள முடிந்தது. அதற்கு ஒரு கட்டணம் பிடித்தார்கள். மாதாமாதம் மீட்டர் ரீடிங்குக்காக சப்ஸ்டேஷன் வாசலில் நின்று, யூனிட்டை வரவு செலவாக எழுதுவேன். 2008இல் தொடங்கிய மின்வெட்டு 2012இல் கிராமங்களில் பாதி நாளை விழுங்கியபோது, பேங்கிங் யூனிட் வைத்திருந்த மில்கள் தாக்குப்பிடித்தன. இல்லாத மில்களில் ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள். அதே வருடங்களில் நல்ல காற்று நாட்களில் கம்பியில் இடமில்லை என்று காத்தாடிகளை நிறுத்தச் சொன்னதும் நடந்தது. வீட்டில் விளக்கில்லை, வெளியே காத்தாடி நிற்கிறது. மக்கள் கொதித்ததில் வியப்பில்லை. தனியார் பணம் காத்தாடியில் பாய்ந்த வேகத்துக்கு அரசுப் பணம் கம்பியில் பாயவில்லை. தப்பக்குண்டில் 400 கிலோவோல்ட் சப்ஸ்டேஷன் வந்தது அதற்கெல்லாம் பிறகு.

பிரிட்டிஷ் தொடர்பு இந்தக் காலத்திலும் வந்தது, சுற்றி வளைத்து. கியோட்டோ ஒப்பந்தம் 2005இல் அமலுக்கு வந்தபின், புகையில்லாக் கரண்டுக்கு 'கார்பன் கிரெடிட்' என்று ஒரு வரவு. அதை வாங்கி விற்ற பெரிய சந்தை லண்டன். சோளக்காட்டுக் காற்றை டன் கணக்கில் எழுதி அங்கே விற்க முடிந்தது. ஐரோப்பாவில் விலை சரிந்ததும் 2012க்குப் பிறகு அந்த வரவு வற்றிப்போனது. ஹாங்காங்கின் சி.எல்.பி. நிறுவனமும் எங்கள் மாவட்டத்தில் காற்றாலைகள் வைத்தது. கம்பெனிப் பெயரிலேயே தேனி என்று இருக்கும். 1901இல் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த ஹாங்காங்கில் தொடங்கிய சைனா லைட் அண்ட் பவர்தான் அது. அதை நெடுங்காலம் நடத்திய லாரன்ஸ் கடூரி 1981இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபைக்குப் போனவர். நிலக்கரியில் பெரிதாக நின்ற கம்பெனி பிற்பாடு காற்றுக்கும் சூரியனுக்கும் திரும்பியது. இந்தியாவில் இப்போது அதன் பெயர் அப்ராவா. ஆம்ஸ்ட்ராங் 1863இல் எச்சரித்ததைப் பிரிட்டிஷ் வழிவந்த பணம் கேட்டுக்கொள்ள ஒன்றரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

காத்தாடியை நான் குறை சொல்லவில்லை. அந்தக் கணக்கில் என் பிள்ளைகள் படித்தார்கள். ஆனால் அய்யா 'நம்ம மெஷினு' என்று சொன்ன மாதிரி கண்டமனூரில் யாரும் காத்தாடியைச் சொல்லிக் கேட்டதில்லை. மானாவாரி நிலத்தை அன்றைய விலைக்கு ஒரே பத்திரத்தில் விற்றுவிட்டார்கள். பணம் கல்யாணத்துக்கும் கடனுக்கும் போனது. இறக்கை சுற்றச் சுற்ற வரும் வரவில் நிலம் கொடுத்தவருக்குப் பங்கு இல்லை. வாட்ச்மேன் வேலை சிலருக்குக் கிடைத்தது. 1886 பத்திரத்தில் மகாராஜாவுக்காவது வருடக் குத்தகை இருந்தது, 1970இல் யூனிட் கணக்கும் சேர்ந்தது. அந்த அளவுக்குக்கூட எங்கள் சம்சாரிகளுக்கு யாரும் எழுதித் தரவில்லை.

பழைய காத்தாடிகளுக்கு இப்போது வயதாகிவிட்டது. அவற்றை எடுத்துவிட்டுப் பெரிய மெஷின் வைக்கத் தமிழ்நாடு அரசு 2024இல் தனிக் கொள்கையே கொண்டுவந்திருக்கிறது. இறக்கை நீளம் கூடும், பாதை அகலம் வேண்டும், பக்கத்து நிலமும் தேவைப்படும். ஏஜெண்டுகள் மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டார்கள். பத்திரத்தைப் படித்துக் காட்டச் சொல்லி என் வீட்டுத் திண்ணைக்கு ஆட்கள் வருகிறார்கள். "மாமா, கிரயமா குத்தகையா, எது நல்லது?" என்கிறார்கள். குத்தகை என்கிறேன். வருடங்களைக் குறைத்து எழுதச் சொல்கிறேன், யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன். 1886ஆம் வருடத்துப் பத்திரத்தையும் 1970ஆம் வருடத்துப் பத்திரத்தையும் எடுத்துப் போட்டு, எந்த வரிக்கு எத்தனை வருடம் சண்டை நடந்தது என்று விரல் வைத்துக் காட்டுகிறேன்.